நீருக்கு வழிவிடும் சாலை

முன்னுரை

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அணைக்குச் சொன்ன அவ்வறிவுரை இன்று சாலைக்கும் பாலத்திற்கும் பொருந்துவதாயிற்று. சாலை என்பது கல்லும் தாரும் மட்டுமன்று. நோயாளியை மருத்துவமனைக்கும், மாணவரைக் கல்லூரிக்கும், விளைபொருளைச் சந்தைக்கும் கொண்டு சேர்க்கும் உயிர்நாடியாகும். அஃது அறுபடும் நாளில் ஊர் தீவாகிவிடுகின்றது. மாறிவரும் தட்பவெப்பத்தில் இதனைக் காப்பது எங்ஙனம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காயல்பட்டினம் கண்ட மழை

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழை மறத்தற்கரியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அப்பகுதியில் ஓராண்டு முழுதும் பெய்யும் சராசரி மழையினும் இது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் நின்றுவிட்டது. அப்பால், தண்டவாளத்தின் கீழிருந்த சரளைக்கல்லும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. சாலைவழியும் அடைபட்டமையால் மீட்பு தாமதமாயிற்று. அருகிலிருந்த ஊர்மக்களே உணவளித்து அப்பயணிகளைக் காத்தனர்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. தண்டவாளம் முறியவில்லை, அதனைத் தாங்கிய மண்ணே கரைந்தது.

கணக்கு மாறுகின்றது

காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கவல்ல நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகின்றது. ஆகவே, பெய்யும் மழை பெருமழையாகும் வாய்ப்பு மிகுகின்றது.

பொறியாளர் 'நூறாண்டு வெள்ளம்' என்பர். நூறாண்டுக்கு ஒருமுறை மட்டுமே வரும் வெள்ளம் என்பது அதன் பொருளன்று. எந்த ஓராண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புடையது என்பதே பொருள். 50 ஆண்டு நிற்கும் பாலம் அதனை ஒருமுறையேனும் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடாகும். இதுவும் பழைய மழைப்பதிவுகளைக் கொண்டு போட்ட கணக்கே. மழை மாறினால் கணக்கும் மாறவேண்டுமன்றோ?

அடித்தளமே உயிர்நிலை

பாலத்தின் கீழ் நீர் செல்லும் இடம் பாதியாகக் குறுகினால், அதே அளவு நீர் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் பாயவேண்டியதாகின்றது. விரைவு இருமடங்கானால் மோதும் விசை நான்கு மடங்காகும். அவ்விசை தூண்களின் அடிமணலைத் தோண்டிவிடும். திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப்பாலத்தின் தூண்கள் சில 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சரிந்தன. 2016 முதல் அருகில் புதுப்பாலம் இயங்கி வந்தமையால் பெருந்துன்பம் நேரவில்லை.

ஆற்றுமணலில் அடித்தளம் இடும் கலை நமக்குப் புதிதன்று. காவிரியில் கல்லணை எழுப்பிய பழந்தமிழர் அதில் வல்லவராயிருந்தனர். ஆழங்காணா மணலில் அடித்தளம் அமைக்கும் முறையை அவர்களிடமிருந்தே கற்றதாக ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டுள்ளார்.

செய்யத்தக்கன

முதலாவது, புதிய மழைக்கணக்கின்படி பாலங்களின் நீர்வழியை அகலமாக்குதல். இரண்டாவது, மேடிட்ட சாலை வெள்ளத்திற்குக் கரையாகிவிடாதவாறு போதிய சிறுபாலங்களை இடையிடையே அமைத்தல். மூன்றாவது, பாலத்தோடு இணையும் அணுகுசாலையின் சரிவுகளைக் கல் பதித்தும் வெட்டிவேர் நட்டும் காத்தல். பாலம் நிற்க அணுகுசாலை கரைந்தால் பயனென்ன? நான்காவது, தூண்களை ஒட்டி மணல் அள்ளுவதை அறவே தடுத்தல். ஐந்தாவது, ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னரும் நீருக்கடியில் அடித்தளத்தை ஆய்தல். கண்ணுக்குத் தெரியும் மேல்தளத்திற்குச் சாயம் பூசுவதினும் கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தைப் பேணுவதே சிக்கனம்.

முடிவுரை

இப்பணி பொறியாளருக்கு மட்டும் உரியதன்று. எந்த ஓடை எவ்வழி ஓடிற்று, எந்த ஆண்டில் வெள்ளம் எந்தப் படிவரை ஏறிற்று என்பதை அறிந்த பெரியோர் ஊர்தோறும் உளர். அவர்தம் நினைவை மாணவர்கள் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அடைபட்ட ஒரு சிறுபாலத்தை ஐப்பசி மழைக்கு முன்னரே உரியவரிடம் சுட்டிக்காட்டுவதும் ஊர்த்தொண்டே. நீரின் வழியை நாம் மறிக்கலாம். நீர் தன் வழியை மறப்பதில்லை. நீருக்கு வழிவிடும் சாலையே மனிதருக்கும் வழியாக நின்று நிலைக்கும்.