மூச்சை எண்ணுங்கள்

வயிற்றுப்போக்கு நின்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை, என் கணவருக்கு மாடிப்படி ஏறும்போது கால்கள் துவண்டன. உடம்பில் தெம்பில்லை, குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். மறுநாள் சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை. பக்கவாதத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம் விழும். இவருக்கு வந்த இந்தத் தளர்ச்சி இரண்டு கால்களிலும் ஒன்றுபோலத் தொடங்கி மேலே ஏறும். முட்டியில் சுத்தியலால் தட்டினாலும் பெரும்பாலும் கால் உதறாது. அப்படி ஏறுகிறது என்றால் வென்டிலேட்டரும் நரம்பியல் மருத்துவரும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போய்விடுங்கள்.

நோயின் பெயர் கில்லன் பாரே. 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு வந்ததே, அதுதான். சரியாக வேகாத கோழிக்கறி, அசுத்தமான தண்ணீர் வழியாக வரும் கேம்பைலோபேக்டர் கிருமிதான் பல பேருக்கு ஆரம்பம். அந்தக் கிருமியின் மேலுறையும் நம் நரம்பின் மேலுறையும் ஒரே சாயல். அதனால் கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, நரம்பையும் சேர்த்து அடித்துவிடுகிறது. இந்த நோய் ஒட்டாது. அக்கம்பக்கத்தாருக்கு அதைப் புரியவைப்பது தனிப் பாடு.

கால் போவதைவிட மூச்சு போவதுதான் ஆபத்து. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மூச்சுத் தசை களைத்துப்போன பிறகும் அது 98 காட்டும். நர்ஸம்மா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்ல வேண்டும். இருபதைத் தொட முடியாமல் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ டாக்டரைக் கூப்பிட வேண்டும். இவர் பதினொன்றில் நின்றபோது ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள்.

மருந்து இம்யூனோகுளோபுலின். வழக்கமாக 5 நாள் ஏற்றுவார்கள். அளவு எடையைப் பொறுத்தது, 70 கிலோ ஆளுக்கு மொத்தம் 140 கிராம். பில் லட்சக்கணக்கில் போகும். பிளாஸ்மா மாற்று சிகிச்சைக்கும் அதே அளவு பலன் உண்டு, பெரும்பாலும் செலவு குறைவு. இரண்டில் எது என்று வாய் திறந்து கேளுங்கள், தாமதம் மட்டும் வேண்டாம். ஸ்டீராய்டு இதற்கு உதவாது.

வென்டிலேட்டருக்காகத் தொண்டையில் குழாய் போட்டபின் பேச்சு இல்லை, ஆனால் நினைவு முழுசாக இருக்கும். கட்டிலருகே நின்று பில்லைப் பற்றிப் பேசாதீர்கள். தமிழ் எழுத்து அத்தனையையும் அட்டையில் எழுதிக் காட்டி மாளாது. நாங்கள் "மூக்கு அரிக்குது", "முதுகு வலிக்குது", "திருப்பிப் போடு", "மணி என்ன?" என்று வாக்கியமாகவே எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினோம். சரி என்றால் கண்ணை இரண்டு தரம் சிமிட்டுவார். அதிகம் கேட்டது மூக்கு அரிப்புதான்.

குணமாகும்போது பாதத்துக்குத்தான் பலம் கடைசியில் திரும்பும். அதுவரை ஹவாய் செருப்பு வேண்டாம், நழுவும். குதிகாலில் பட்டை வைத்ததே நல்லது. பிசியோதெரபியில் ஆர்வக்கோளாறும் கூடாது, அதிகம் செய்தால் மறுநாள் எழ முடியாது. நடமாட ஆரம்பித்தபிறகும் அசதி மாதக்கணக்கில் போகவில்லை. "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்று கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்களிடம், மத்தியானம் அவர் படுத்தாக வேண்டும், மாலை வரவேற்புக்கு வருகிறோம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.