மான் கரை ஏன் 'மா' ஆனது?

காஞ்சிபுரம் பட்டுக்கடைக்குப் பைத்தானில் நிரல் எழுதுபவர், ஆங்கில எழுத்தில் 'மான்.பிஎன்ஜி' என்றுள்ள மான் கரைச் சேலைப் படத்தின் பெயரிலிருந்து '.பிஎன்ஜி' என்ற வாலை வெட்ட, அதைக் கொடுத்து 'ஆர்ஸ்ட்ரிப்' கட்டளை போட்டால், 'மா' மட்டுமே மிஞ்சும். பிழைச்செய்தி வராது, வம்பே அதில்தான். அந்தக் கட்டளை வாலைப் பார்ப்பதில்லை, கொடுத்த எழுத்துகளில் எது கடைசியில் இருந்தாலும் உதிர்த்துவிடும். அதிகாரபூர்வ ஆவணம் இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. 2020-இல் 3.9 பதிப்பில் வந்த 'ரிமூவ்சஃபிக்ஸ்' இந்த வேலைக்கானது.

ஆவணத்தை முழுக்க யார் படிப்பது? யாரும் படிக்க வேண்டாம். தேடினால் விடை கிடைக்காதா? கிடைக்கும், ஆனால் சந்தேகம் வந்தால்தானே தேடுவோம்! ஆகவே புதிய கட்டளையைக் கையாளுமுன் அதற்குரிய ஒரு பத்தியையும், பதிப்பு மாறும்போது 'வாட்ஸ் நியூ' பக்கத்தையும் படித்துவிடுங்கள்.