கத்தரிக்காயில் புழுவா?

மொரப்பூர் வட்டாரத் தாய்மார்களே, தந்தைமார்களே!

சந்தைக் கத்தரிக்காயை நறுக்கினால் உள்ளே புழு நெளிகிறதா? பயப்படாதீங்க. அது காய்த்துளைப்பான், மனிதர் வயிற்றில் பிழைக்காது. சொத்தையைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். புழுவே இல்லாத காய்தான் உசத்தின்னு எண்ணாதீங்க, நேற்று மருந்தடித்து இன்று பறித்ததாகவும் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாததே ஆபத்து. வெளியே மலம் கழித்த மண்ணிலிருந்து கீரை, கொத்தமல்லி, முள்ளங்கியில் உருளைப்புழு முட்டை ஒட்டிக்கொள்ளும். ஒரு பெண்புழு தினம் 2 லட்சம் முட்டைகள்கூட இடும்! உப்புத் தண்ணீரில் பூச்சி வெளியே வரும், இந்த முட்டை சாகாது. நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி மூன்று நான்கு முறை அலசுங்க. கணவர் ஊற்ற, மனைவி அலசலாமே! கீரையை நன்றாக வேகவிடுங்க.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். கர்ப்பிணிகள் தாமாக விழுங்காமல் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்க.