சரியான பார்ட் எது? – ஒரு பழைய ஜீப் கற்றுத் தந்த பாடம்

இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் டிப்ளமோ



நம் மலரில் கவிதையும் சிரிப்புத் துணுக்கும் நிறைய வருகின்றன. பாடம் சம்பந்தமாக ஒரு கட்டுரை வேண்டும் என்று எங்கள் துறை ஆசிரியர் கேட்டபோது, புத்தகத்தைப் பார்த்து எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன். அதில் கற்றதுதான் அதிகம்.

எனக்கு உசிலம்பட்டி பக்கம். அய்யா லாரி செட்டில் சுமை தூக்குகிறார். அம்மா களை வெட்டப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். சனி, ஞாயிறுகளில் மதுரையில் ஒரு பட்டறையில் வேலை பழகுகிறேன். சென்ற ஆண்டு திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பழைய ஜீப் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். போர்க்காலத்து வில்லிஸ் எம்.பி. அவருடைய தகப்பனார் ஏலத்தில் எடுத்த வண்டி. அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கித் தர வேண்டும் என்றார்.

அமெரிக்க வண்டி நம் ஊருக்கு வந்த கதை

அமெரிக்க வண்டி மதுரைக்குப் புதிதல்ல. 1912-ல் மதுரைக்கும் தேவகோட்டைக்கும் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயிலேயே வண்டிகளைப் பூட்டி அனுப்பியது. நாடு விடுதலை பெற்ற பின், பாகங்களை இங்கேயே செய்யாமல் வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு அரசு இடம் தரவில்லை. 1954-ல் அந்தத் தொழிற்சாலை மூடியது. வண்டி வருவதும் நின்றது, பார்ட் வருவதும் நின்றது. அதனால்தான் ஒரு பழைய செவர்லே வைத்திருப்பவர் இன்றும் வெளிநாட்டில் பார்ட் தேடுகிறார்.

ஜீப்பின் கதை வேறு. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்ததும் படைகள் விட்டுப்போன வண்டிகள் இங்கே விற்பனைக்கு வந்தன. 1940-களின் பிற்பகுதியில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கி, பிறகு பாகங்களையும் இங்கேயே தயாரித்தது. அமெரிக்காவில் சி.ஜே.3பி மாடல் 1968-ல் நின்றது. அதன் வம்சம் இங்கே அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது. கம்பம், போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவையும் அந்த வம்சம்தான்.

இதில் ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. ஜீப் பார்ட் இந்தியாவில் கிடைக்கும் என்பது வசதி. அமெரிக்காக்காரர்களே இந்தியாவில் செய்ததை வாங்கி மாட்டுகிறார்கள். எல்லா ஜீப்பும் ஒரே ஜீப்தான் என்று நினைத்துவிடுவது ஆபத்து. நான் அப்படித்தான் நினைத்தேன்.

நான் தவறிய இடம்

இன்ஜினைப் பிரித்ததில் ஆயில் பம்ப் தேய்ந்திருந்தது. மேஸ்திரிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. "படிக்கிற பிள்ளை, நீயே பாத்து வரவழைச்சிரு தம்பி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வெளிநாட்டுக் கடையின் பட்டியலில் படம் பார்த்தேன். வில்லிஸ் ஜீப், நாலு சிலிண்டர், ஆயில் பம்ப். படத்தில் இருந்ததும் எங்கள் பம்பும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. பெரியவர் பணம் கட்டினார். ஆறு வாரம் கழித்துப் பார்சல் வந்தது. தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து பம்பின் விலையையே தாண்டிவிட்டன.

மேஸ்திரி பழைய பம்பை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் வைத்துப் பார்த்தார். "ஏண்டா, பழசுல பல்லு அங்கிட்டு சாஞ்சிருக்கு. இதுல இங்கிட்டுல்ல சாஞ்சிருக்கு?" என்றார்.

விளக்கம் இதுதான். போர்க்காலத்து எம்.பி. இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் கேம் ஷாஃப்டைச் செயின் மூலம் சுற்றுகிறது. சைக்கிளில் பெடலும் பின்சக்கரமும் போல, செயின் என்றால் இரண்டும் ஒரே திசையில் சுற்றும். போருக்குப் பின் செயினை எடுத்துவிட்டு டைமிங் கியர் வைத்தார்கள். பல்லோடு பல் சேர்ந்தால் இரண்டும் எதிரெதிர் திசையில் சுற்றும். ஆயில் பம்பைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது ஆயில் பம்பின் ஷாஃப்ட். கேம் ஷாஃப்டின் திசை மாறினாலும் டிஸ்ட்ரிபியூட்டர் பழைய திசையிலேயே சுற்ற வேண்டும் அல்லவா? அதற்காக ஹெலிகல் கியரின் பல்லை எதிர்ச்சாய்வில் வெட்டினார்கள். நான் வாங்கியது பிந்திய பம்ப்.

ஹெலிகல் கியரைப் படம் வரைந்து பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவன் நான். அதே கியர் கையில் இருந்தபோது பார்க்கத் தெரியவில்லை.

திருப்பி அனுப்பினால் மறுபடியும் தபால் செலவு. கட்டிய வரியைத் திரும்ப வாங்குவதும் லேசான காரியமில்லை. அன்று இரவு வீட்டில் சொன்னேன். அய்யா சோற்றைப் பிசைந்துகொண்டே, "தப்புப் பண்ணுனது நீதான? நீயே போயி அவருகிட்ட சொல்லு. மேஸ்திரி தலையில போட்றாத" என்றார். போய்ச் சொன்னேன். பெரியவர் திட்டவில்லை. "அடுத்ததை எப்படி வாங்கப் போறே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்தான் கீழே இருப்பது.

பார்ட் தேடும் முறை

1. வண்டியை அடையாளம் காணுங்கள். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் நம்பக் கூடாது. இந்த ஜீப்புகளில் இன்ஜின் நம்பர் பிளாக்கின் வலது முன்பக்கம் இருக்கும். 'எம்.பி.' என்று தொடங்கினால் போர்க்கால வில்லிஸ். 'ஜி.பி.டபிள்யூ.' என்றால் ஃபோர்டு செய்தது. '3ஜே' என்றால் சி.ஜே.3ஏ, '4ஜே' என்றால் சி.ஜே.3பி. இன்ஜின் இடையில் மாறியிருக்கலாம். ஆகவே பாடியையும் பாருங்கள். போர்க்கால ஜீப்பின் முன் கிரில்லில் 9 திறப்புகள், சிவிலியன் ஜீப்பில் 7.

2. பெயரைச் சொல்லாதீர்கள், நம்பரைச் சொல்லுங்கள். 'ஜீப் ஆயில் பம்ப்' என்பது பெயர். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பார்ட் நம்பர் உண்டு. பார்ட்ஸ் புத்தகத்தில் இன்ஜின் நம்பர் எதிலிருந்து எதுவரை எந்தப் பார்ட் என்று கொடுத்திருப்பார்கள். அந்த வரியைப் படிப்பதுதான் பாதி வேலை. ஃபோர்டு ஜீப்பில் போல்ட்டின் தலையில்கூட 'எஃப்' எழுத்து இருக்கும். அசல் பார்க்கிறவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

3. பழைய பார்ட்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். புதியது வந்து மாட்டி வண்டி ஓடும்வரை அதுதான் நமக்குச் சாட்சி. பல் எத்தனை, எந்தப் பக்கம் சாய்வு, ஷாஃப்டின் விட்டம், துளைகளின் இடைவெளி எல்லாம் வெர்னியர் வைத்து எழுதுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். அவர் 'சரி' என்று எழுதிய பிறகே பணம் கட்டுங்கள்.

4. மரையைச் சோதியுங்கள். அமெரிக்க வண்டி அங்குலக் கணக்கு. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. அதனால் 8 மி.மீ. போல்ட் கொஞ்சம் ஏறுவது போலத் தெரியும். ஆனால் ஃபைன் மரையில் அங்குலத்துக்கு 24 மரை, சாதாரண 8 மி.மீ. போல்ட்டில் மரைக்கு மரை 1.25 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 20. ஸ்பானரை வைத்து முறுக்கினால் மரை போய்விடும். இந்த ஜீப்பின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை என்பதையும் மறக்கக் கூடாது.

5. எல்லாவற்றையும் வெளிநாட்டில் தேடாதீர்கள். பேரிங்கில் நம்பர் பொறித்திருக்கும். முன்சக்கர ஹப் பேரிங்கின் நம்பர் 18590, அதன் கப் 18520. இந்த நம்பரைச் சொல்லி இங்கேயே பேரிங் கடையில் கேட்கலாம். வண்டிப் பெயரைச் சொன்னால் கடைக்காரர் 'இல்லை' என்பார், நம்பரைச் சொன்னால் தேடிப் பார்ப்பார். சென்னைப் புதுப்பேட்டை, டெல்லி காஷ்மீரி கேட், ஹரியானாவில் ஜீப் வேலைக்குப் பேர்போன மண்டி டப்வாலி ஆகிய இடங்களையும் விசாரித்த பிறகே கடல் தாண்டலாம்.

6. பழைய சரக்கு எல்லாம் நல்ல சரக்கு அல்ல. அந்தக் காலத்தில் செய்து விற்காமல் கிடங்கிலேயே கிடந்த இரும்புச் சாமானை வாங்கலாம். ரப்பர் சாமான் அப்படியல்ல. பிரேக் கப், ஹோஸ், ஆயில் சீல் எல்லாம் பெட்டிக்குள் இருந்தாலும் கெட்டுப் போகும். அவற்றைப் புதிதாகச் செய்ததாகவே வாங்க வேண்டும். எம்.பி. ஜீப்புக்கு முழு பாடியையே பிலிப்பைன்ஸில் புதிதாகச் செய்கிறார்கள்.

7. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள். விலை, அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டித்தான் சுங்க வரி போடுவார்கள். சின்னப் பார்ட்டாகத் தனித்தனியே வரவழைப்பதைவிடச் சேர்த்து வரவழைப்பது நல்லது.

சரியான பார்ட் ஏன் வேண்டும்?

ஓடினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். மத்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய வழி செய்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து வரும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜினை வைத்தவர்களுக்கு இதில் இடமில்லை. அசலாக வைத்திருப்பதற்கு இப்போது சட்டத்திலேயே மதிப்பு வந்திருக்கிறது.

முடிவாக

இரண்டாவது பம்பை இன்ஜின் நம்பர் எழுதி, பல் சாய்வைப் படம் எடுத்து அனுப்பி வரவழைத்தோம். சரியாகப் பொருந்தியது. முதல் பம்பைக் கம்பத்திலிருந்து வந்த ஒரு பெட்ரோல் சி.ஜே.3பி ஜீப்காரர் வாங்கிக்கொண்டார். அவர் வண்டி டைமிங் கியர் வைத்தது, அதற்கு அதுதான் சரியான பம்ப். அப்படியும் கொஞ்சம் நஷ்டம். அதை என் பட்டறைக் கூலியில் மாதாமாதம் கழித்து வருகிறேன். இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

வண்டி ஸ்டார்ட் ஆன அன்று அய்யாவையும் பட்டறைக்கு அழைத்திருந்தேன். எல்லோரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டார்கள். நான் ஆயில் பிரஷர் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி நின்ற பிறகுதான் மூச்சு வந்தது.

நம் துறை நூலகத்தில் பாடப் புத்தகங்களோடு பழைய வண்டிகளின் பார்ட்ஸ் புத்தகங்களையும் வாங்கி வைக்க வேண்டும் என்று மாணவர் பேரவை சார்பில் கேட்டுக்கொள்கிறேன். புத்தகம் படிக்கத் தெரிந்த நாமும் கையில் வாங்கிப் பார்க்கத் தெரிந்த மேஸ்திரிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் இது மாதிரித் தவறு நடக்காது.