கொழுந்துச் சாக்கிலிருந்து தொடங்கு

பதுளை

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் தேயிலைப் பெக்டரி தேசிய தர விருதுக்கு விண்ணப்பிக்கிறது, அதை எழுதும் பொறுப்பு உனக்கு என்று வாசித்ததும் மனம் நிறைந்தது. உன் அம்மாயி இருந்திருந்தால் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாள்.

இலங்கை கட்டளைகள் நிறுவனம் நடத்தும் இந்த விருதின் அளவுகோல் அமெரிக்காவின் மால்கம் போல்ட்ரிஜ் விருதை ஒட்டியது. ஜப்பான் சாமான்கள் தங்கள் சந்தையைப் பிடித்துக்கொண்ட கவலையில் 1987இல் அமெரிக்கா சட்டம் போட்டுத் தொடங்கிய விருது அது. ஜப்பானோ டெமிங் என்ற அமெரிக்கர் பெயரிலேயே 1951 முதல் பரிசு கொடுத்து வந்தது. தலைமை, திட்டம், வாடிக்கையாளர், அளவீடு, ஊழியர், செயல்முறை, முடிவுகள் என்று போல்ட்ரிஜ் முறையில் ஏழு தலைப்பு. ஆயிரம் புள்ளியில் ஏறக்குறையப் பாதி முடிவுகளுக்கே. அதனால் அழகாக எழுதி வெல்லலாம் என்று நினைத்துவிடாதே.

நான் அப்படி நினைத்தவன். பல வருடங்களுக்கு முன் ஒரு பெக்டரியில் இருந்தபோது, தரம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று தரைக்குப் பெயின்ட் அடித்தோம். கொழுந்து பராமரிப்பு பற்றி நானே பக்கம் பக்கமாக எழுதினேன். வந்தவர்களில் ஒருவர் நேராக மலைக்குப் போய், கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவிடம், "சாக்கில் அமுக்கக் கூடாது என்று தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் ஐயா, சாக்குத்தான் பத்தல" என்றார் அவர். நான் எழுதியதில் அந்தப் பதில் எங்குமே இல்லை. அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை, மருமகனே. அது இன்றும் எனக்கு உறுத்தல்.

அமுக்கிய கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறும், நசுங்கிச் சிவக்கும். ரோலருக்குப் போகுமுன்பே அதன் புளிப்பு தொடங்கிவிடும். பிறகு டீமேக்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் போன மணம் திரும்பாது. நம் ஊவாவுக்கு இது பெரிய இழப்பு. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வறட்சியாக அடிக்கும்போதுதான் அந்தக் குளிர்ந்த மணம் தேயிலையில் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் நமக்கு நல்ல விலை கிடைக்கும் வாரங்கள் அவை. அந்த வாரங்களில் பத்துச் சாக்குக் குறைந்தால் என்ன போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்.

ஆகவே படிவத்தைக் கொஞ்ச நாள் மூடி வை. காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்குப் போ. நிறுவையில் பிழை வருகிறதா, மலையில் குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் இருக்கிறதா, கொழுந்து ஏற்றும் லொறி எத்தனை மணிக்கு வருகிறது என்று கேள். ஊழியர் என்ற தலைப்பின் கீழ் நீ எழுத வேண்டியது அவர்கள் வாயில்தான் இருக்கிறது. கங்காணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதே. கேட்டதில் ஒன்றையாவது சரிசெய்; அதற்கு முன்னும் பின்னும் சிவந்த கொழுந்து எவ்வளவு என்று நாள்தோறும் நிறுத்து எழுது. மூன்று மாதத்தில் உன் கையில் உண்மையான எண்கள் இருக்கும்.

விருது இந்த வருடம் கிடைக்காமல் போகலாம். மதிப்பீட்டாளர்கள் குறை சொல்லி எழுதித் தந்தால் அதை அலுமாரியில் பூட்டவிடாதே. தமிழில் எழுதி, மலையில் உள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டு.

சாக்கு எத்தனை குறைகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மாமா