நாமினி வேறு, வாரிசு வேறு



வங்கிப் படிவங்களிலும் அரசு அலுவலகங்களிலும் நாம் அடிக்கடி சந்திக்கும் ஆங்கிலச் சொற்கள் இரண்டு: ‘நாமினி’, ‘ஹெயர்’. இவை இரண்டும் ஒன்றே என்று நினைப்பதால் உடன்பிறந்தவர்கள் பகையாகிறார்கள்; எத்தீம்களின் பங்கு கைமாறிப் போகிறது.

‘நாமினி’ என்பது ‘பெயர்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பணத்தை வாங்கிக்கொள்ள நாம் பெயர் குறித்துக் கொடுத்தவர் என்பதே அதன் பொருள். ‘ஹெயர்’ என்றால் வாரிசு. (முதல் எழுத்து ஒலிக்காது; ‘ஏர்’ என்பதே உச்சரிப்பு.) நாமினியை நாம் தேர்ந்தெடுக்கிறோம், விரும்பினால் மாற்றுகிறோம். வாரிசுகளின் பங்கையோ ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் 11, 12, 176ஆம் வசனங்களில் அல்லாஹ் வகுத்துவிட்டான்.

ஓர் உதாரணம். துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர், நிக்காஹுக்கு முன் தம்பியை நாமினியாக எழுதியிருந்தார். பிறகு மாற்றவில்லை. அவர் மவுத்தானபோது தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். தந்தை முன்பே காலமானவர். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக மீதி 7,20,000 ரூபாய். கொடுபடாத மஹரும் கடனே.

மனைவிக்கு எட்டில் ஒன்று: 90,000. தாய்க்கு ஆறில் ஒன்று: 1,20,000. மீதியில் மகனுக்கு 3,40,000, மகளுக்கு 1,70,000. மகன் இருப்பதால் தம்பிக்குப் பங்கு இல்லை. வங்கி பணத்தைத் தம்பியிடம்தான் கொடுக்கும். ஆனால் அவர் கையில் அது அமானிதம். வாரிசுகளிடம் சேர்ப்பது அவர் கடமை.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. வங்கி வைப்புத்தொகைக்கு நாமினி உரிமையாளர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. பங்குப் பத்திரங்களுக்கும் 2023இல் அவ்வாறே கூறியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் நாமினி பற்றிய சட்டம் 2015இல் திருத்தப்பட்டது. அதை வழக்கறிஞரிடம் தனியே கேட்டறியுங்கள்.

இன்றே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். நிக்காஹுக்குப் பிறகு நாமினியை மாற்றியிருக்கிறீர்களா? கொடுக்க வேண்டிய கடன்களை வீட்டாருக்கு எழுதி வைத்திருக்கிறீர்களா? மவுத்து நேர்ந்த வீட்டார் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெறுங்கள். பங்கைப் பிரிக்க ஆலிமை அணுகுங்கள்.

அமானிதத்தைப் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.