கடற்கரையில் ஒரு பி.டி. வாத்தியார்



நாம் எல்லோரும் மெரினாவுக்குப் போயிருக்கிறோம். அங்கே உள்ள உழைப்பாளர் சிலை 1959-ல் வைக்கப்பட்டது. 1968-ல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர், ஔவையார், கண்ணகி, கம்பர், பாரதியார் என்று பத்து சிலைகள் வைத்தார்கள். எல்லோரும் தமிழால் பெருமை பெற்றவர்கள். அந்த வரிசையில் விளையாட்டு வீரர் யாரும் இல்லை.

போன மே லீவுக்கு விசாகப்பட்டினத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனோம். அங்கே பீச் ரோட்டில் ஒரு பயில்வான் சிலையைப் பார்த்தேன். "யாரு மாமா இது?" என்று கேட்டேன். "கோடி ராமமூர்த்தி நாயுடு. பி.டி. வாத்தியாரா இருந்தவரும்மா" என்றார். பி.டி. வாத்தியாருக்குச் சிலையா? எனக்கு ஒரே ஆச்சரியம்!

யார் இவர்?

இவர் ஸ்ரீகாகுளம் பக்கம் வீரகட்டம் என்ற ஊரில் 1880-களில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அம்மாவை இழந்தார். ஆந்திராவில் உள்ள விஜயநகரத்தில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். அங்கே குஸ்தி பழகினார். அப்போது அந்தப் பகுதியும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அதனால் உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சிக்கு அவர் எங்கே வந்தார் தெரியுமா? நம்ம சைதாப்பேட்டைக்கு! நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-ல்தான் தொடங்கியது. அதற்கும் முன்னாலேயே இவர் இங்கே படித்துவிட்டுப் போய், தன் ஊர்ப் பள்ளியில் பி.டி. வாத்தியார் ஆனார்.

பிறகு சொந்தமாக சர்க்கஸ் கம்பெனி ஆரம்பித்தார். உடம்பில் சுற்றிய இரும்புச் சங்கிலியை மூச்சை அடக்கி அறுப்பாராம். ஓடும் காரை இழுத்து நிறுத்துவாராம். நெஞ்சின் மேல் யானையை ஏற்றுவாராம். 'இந்தியன் ஹெர்குலிஸ்', 'கலியுக பீமன்' என்று பட்டங்கள் கிடைத்தன. 1942-ல் காலமானார். ஸ்ரீகாகுளத்திலும் அவருக்குச் சிலை இருக்கிறது.

யானை ஏறினால் எலும்பு நொறுங்காதா?

இதற்கு நம் அறிவியல் பாடத்திலேயே பதில் இருக்கிறது.

அழுத்தம் = விசை ÷ பரப்பு

பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். தண்ணிக் குடம் தூக்கும்போது நம் பாட்டிமார் தலையில் சும்மாடு வைப்பது இதற்குத்தான். ஸ்கூல் பையின் பட்டை மெல்லிசாக இருந்தால் தோளை அறுக்கும், அகலமாக இருந்தால் அறுக்காது. யானை வித்தையிலும் நெஞ்சின் மேல் பலகை போடுவார்கள். எடை ஒரே இடத்தில் இறங்காமல் பலகை முழுக்கப் பரவும்.

ஆனால் ஒன்று. பலகை போட்டதால் யானையின் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. அதைத் தாங்க வருஷக்கணக்கில் பழகிய தசையும் மூச்சும் வேணும். அது புத்தகத்தில் வராது, தினமும் மைதானத்தில்தான் வரும். (எச்சரிக்கை: யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்!)

ஒரு வேண்டுகோள்

நான் 400 மீட்டர் ஓடுகிறவள். போன வாரம் எங்கள் வகுப்புக்கு இரண்டு பி.டி. பீரியட். இரண்டிலும் கணக்குதான் நடந்தது. கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விசையைப் பரப்பால் வகுக்கத் தெரியாவிட்டால் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க முடியாது. ஆனால் ஒரு வாரம் ஓடாமல் இருந்துவிட்டு ஓடினால் கடைசி 100 மீட்டரில் கால் கல்லாகிவிடுகிறது. அது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வகுப்பில் சில தோழிகள் பி.டி. பீரியட் கிடைத்தாலும் மரத்தடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். "வயசுக்கு வந்த பொண்ணு எதுக்கு ஓடணும்?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். தோழிகளே, எழுந்து வாருங்கள். ஆசிரியர்களே, அந்த இரண்டு பீரியடை மட்டும் எங்களுக்கே விட்டுவிடுங்கள்.

எங்களுக்குச் சிலை எல்லாம் வேண்டாம். மைதானம் போதும்.

யோசித்துப் பாருங்கள்: ஒட்டகத்தின் பாதம் ஏன் அகலமாக இருக்கிறது? விடை அடுத்த இதழில்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி